வாக்கர் என்றால் என்ன அர்த்தம்

தனக்கு வேறு பெயர் வைக்கவேண்டும் என்று அஞ்சலை அம்மாவிடம் வந்து நின்றார் வாக்கர்.

திருவண்ணாமலையில் அம்மாவின் மடத்தில் அவர் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இங்கிலாந்துக்காரர். வயது அறுபத்திரண்டு. அம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. தமிழை வாக்கர் புத்தகத்தில் படித்துக் கற்றிருந்தார்.

வாக்கர் என்பது அவருடைய குடும்பப் பெயர். ஆங்கிலத்தில் நடப்பவர் என்று பொருள். தன் முன்னோர்கள் புண்ணியத் தலங்களுக்கு நடந்தே போன யாத்ரீகர்கள் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். அந்தப் பெருமையில் பௌர்ணமிதோறும் செருப்பில்லாமல் மலையைச் சுற்றினார்.

மடத்தில் சமைக்கும் சொர்ணத்துக்கு மூட்டுவலி. அவள் ஆட்டோவில் சுற்றுவாள். அதெல்லாம் கிரிவலமே இல்லை என்று வாக்கர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சொர்ணம் அவருக்குப் பரிமாறுவதோடு சரி. பேசுவதில்லை.

இப்போது அவருடைய தங்கை கடிதம் எழுதியிருந்தாள். பழைய ஏடுகளைத் தேடிப் பார்த்தாளாம். அவர்கள் ஊர்ப் பக்கம் அந்தக் காலத்தில் வாக்கர் என்றால் யாத்ரீகர் இல்லையாம். நெய்த கம்பளியைத் தொட்டியில் போட்டு மிதிக்கிறவராம்.

"மிதிச்சா என்ன?" என்றார் அம்மா.

"தொட்டியில் இருந்தது தண்ணீர் இல்லை, அம்மா."

"பின்னே?"

வாக்கர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மூத்திரம். ஊர் முழுக்கச் சேகரித்து, பல நாள் ஊற வைத்தது."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அதுகூடப் பரவாயில்லை," என்றார் வாக்கர். "நடந்த பரம்பரை என்று நினைத்தேன். ஓர் அடிகூட நகராத பரம்பரை. காலையில் ஏறிய தொட்டியிலிருந்தே சாயங்காலம் இறங்கியிருக்கிறார்கள்."

"எதுக்கு மிதிச்சாங்க?"

"நெய்ததும் கம்பளி முரடாக இருக்கும். உடம்பில் குத்தும். மிதித்தால் மெத்தென்று ஆகும்."

"ஆச்சா?"

"ஆயிற்று."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க மூணு வருஷமா நடக்கிறீங்க. எது மெத்துன்னு ஆச்சு?"



வாக்கர் சொர்ணத்தைத் தேடி அடுக்களைப் பக்கம் போனார்.