முதுகிலிருந்து இறங்கிய குட்டி

ஒரு காட்டில் சடைச்சி என்றொரு பெண் கரடி இருந்தாள். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு அவளுக்கு. அவளுடைய குட்டி எந்நேரமும் அம்மாவின் முதுகு ரோமத்தைப் பற்றிக்கொண்டு சவாரி செய்யும்.

சடைச்சியிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது, குழந்தைகளே. உதிர்ந்த இலுப்பைப் பூக்கள் பாறைக் குழித் தண்ணீரில் ஊறிப் புளித்துக் கிடக்கும். அதைக் குடித்தால் தலை கிறுகிறுக்கும், கால் பின்னும். ஒருநாள் அப்படித் தள்ளாடி நடந்தபோது, முதுகிலிருந்த குட்டி ஆற்றுச் சரிவில் உருண்டுவிட்டது. நல்லவேளை, ஒரு வேர் தடுத்தது.

சடைச்சி அழுதாள். "இனி அந்தப் பக்கமே போக மாட்டேன்" என்றாள்.

செய்தி கேட்டுக் காட்டுப்பன்றி மூக்கனும் மரநாய் வாலனும் வந்தார்கள். இருவரும் ஒரு காலத்தில் அதே குழித் தண்ணீரைக் குடித்து மயங்கிக் கிடந்தவர்கள்தான். இப்போதோ பூ உதிரும் விடியற்காலையில் கறையான் புற்றடியில் கூடி, வாசனை அடங்கும்வரை ஆசையை மறக்க வெட்டிக்கதை பேசுவார்கள்.

"நீயும் வாக்கா. ஆசை வந்தா ஒரு குரல் கொடு, ஓடி வர்றோம்" என்றான் மூக்கன்.

"எனக்கு எதுக்குத் தம்பி கூட்டம்? என் மனசு பாறை" என்றாள் சடைச்சி.

குழிக்குப் போகும் வழியை முள்ளால் அடைத்தாள். மறுநாளே காற்று வாசனையைக் கொண்டுவந்தது. முள்ளைப் போட்டவளுக்கு எடுக்கத் தெரியாதா? குடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

அடுத்த விடியலில் புற்றடியில் வந்து உட்கார்ந்தாள். "இனி என்னைப் பாத்துக்கிறது உங்க பொறுப்பு" என்று பாரத்தை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, நிம்மதியாகக் கறையான் தின்றாள். வாலன் கொட்டாவி விட்ட நேரம் பார்த்துக் குட்டியோடு நழுவினாள்.

குழிக்கரையில் குனிந்தாள். மூக்கு தண்ணீரைத் தொடப் போகிறது. திடீரென்று முதுகு லேசானது. திரும்பினால், குட்டி தானாகவே இறங்கித் தள்ளி நிற்கிறது.

"ஏன்டா இறங்கிட்ட?"

"நீ குடிச்சா நான் விழுந்துருவேன்லம்மா. அதான் இப்பவே இறங்கிட்டேன்."

சடைச்சி வெடுக்கென்று மூக்கை இழுத்துக்கொண்டாள். ஓட நினைத்தாள், கால் வரவில்லை. வாசனை அவளைப் பிடித்து இழுத்தது. யாரிடமும் எதையும் கேட்டறியாதவள் அன்று காடே அதிரக் கத்தினாள்.

"எனக்கு இது வேண்டாம். ஆனா தனியா நகர முடியல. ஓடி வாங்க!"

புதர்கள் படபடவென்று விலகின. மூக்கன் புழுதி பறக்கப் பாய்ந்து வந்து முட்டித் தள்ளினான். வாலன் அவள் காதைக் கவ்வி இழுத்தான். சடைச்சியும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காலை எடுத்து வைத்தாள், அப்புறம் மறுகாலை. மூவரும் புற்றடியில் வந்து பொத்தென்று விழுந்தபோது வெயில் ஏறி, வாசனை அடங்கியிருந்தது.

"நாளைக்கும் வாசனை வருமேக்கா" என்றான் மூக்கன்.

"நாளைக்கும் கத்துவேன்" என்றாள் சடைச்சி.

குட்டி மெல்ல வந்து அம்மாவின் வாயை முகர்ந்து பார்த்தது. பிறகு முதுகில் ஏறிக்கொண்டது.

நீதி: கெட்ட பழக்கத்தை விடும் எண்ணம் நம் மனதில்தான் பிறக்க வேண்டும், அதற்குத் துணை கேட்க வெட்கப்படக் கூடாது.