ராஜாவின் தங்கை தாய்வீடு வந்த கதை

முறத்தில் அரிசி கிடக்கிறது, கல்லோ ஏராளம். கை பொறுக்கட்டும், வாய் கதை சொல்லட்டும்.

ரொம்ப காலத்துக்கு முன்னே அல்லியாற்றங்கரையில் அல்லியூர் என்று ஒரு நாடு. அதை மணிமுடிராயர் என்று ஒரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் மனசில் தோன்றியதையெல்லாம் சட்டமாகப் போடுவார். ஒரு நாள் அவர் விருந்து சாப்பிடும்போது யாரோ "வெள்ளம்! வெள்ளம்!" என்று கத்த, எச்சில் கையோடு எழுந்து ஓடி, கொட்டிக்கிடந்த பாயசத்தில் வழுக்கி விழுந்தார். பார்த்தால் வாசலில் ஒரு தண்ணீர்க் குடம் கவிழ்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சபையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ராஜாவுக்கு வந்ததே கோபம்! "இனி எவனாவது அந்த வார்த்தையைச் சொன்னால் பாதி மீசையை வழித்துக் கழுதைமேல் ஏற்றுவேன்!"

மந்திரி சங்கிலிக்குக் காதுவரை முறுக்கிய மீசை. அவருக்கு இப்போது பெரிய தலைவலி. மலையில் மழை விடவே இல்லை, ஆறு செம்மண் நிறத்தில் நுரைத்து வருகிறது என்று தேன் எடுப்பவர்கள் வந்து சொன்னார்கள். நாட்டின் விதைநெல் முழுக்க ஆற்றங்கரைக் களஞ்சியத்தில் தரையோடு தரையாகக் கிடக்கிறது. அது நனைந்தால் விதைக்க ஒரு மணி கிடையாது, ஊருக்குக் கஞ்சியும் கிடையாது.

"மகாராஜா, விதைநெல்லைக் குன்றுமேல் ஏற்றிவிடலாமே?"

"எதற்கய்யா?"

"அது வந்து... ஆற்றில்..."

மந்திரி ஆசனத்தின்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த ஏகப்பர் முன்னால் சாய்ந்தார். "ஆற்றில் என்ன மந்திரியாரே? வெட்கப்படாமல் சொல்லுங்கள். நாவிதர் வாசலில்தான் நிற்கிறார்."

"ஆற்றில்... மீன் நிறைய."

"மீனுக்கும் நெல்லுக்கும் என்னய்யா சம்பந்தம்? வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கும்" என்றார் ராஜா.

தலையைத் தொங்கப்போட்டு வீட்டுக்கு வந்தால், மந்திரியின் பெட்டி படுக்கையெல்லாம் வாசலில் கிடக்கிறது.

"என்னடி வடிவு இது?"

"மக மாசமா இருக்கா, வளைகாப்பு முடிஞ்சு நாளைக்கு அழைச்சிட்டு வர்றோம்னு தெரியாதா? வயித்துப்பிள்ளைக்காரி மாடி ஏறுவாளா? கீழறையைக் காலி பண்ணித் தரணும். உங்க மூட்டையை மேலே தூக்கிட்டுப் போங்க."

முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் தூக்கினவர் பாதிப் படியில் நின்றுவிட்டார். "வடிவு! நீ மகராசிடி!" என்று கத்தினார். பெட்டி அவர் காலிலேயே விழுந்தது. அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

அல்லியூரில் ஒரு வழக்கம் உண்டு. சிம்மாசனம் ஏறுகிற ராஜாவுக்கு அந்த அல்லியாறு தங்கை முறை. ஆடி வந்தால் அண்ணன் சீராகச் சேலையும் வளையலும் ஆற்றில் விடுவார். மறுநாள் மந்திரி தாம்பாளத்தில் வெற்றிலை, வளையலோடு சபைக்கு நொண்டிக்கொண்டே வந்தார்.

"மகாராஜா, நல்ல சேதி! உங்க தங்கச்சி மாசமா இருக்கா."

"எந்தத் தங்கச்சி?"

"அல்லியம்மாதான். நிறம் சிவந்துபோச்சு, மூச்சு வாங்கி நுரை தள்ளுறா. அண்ணன் வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுக்கணும்னு ஆசைப்படுறா."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வரட்டும்யா! நான் எதுக்கு இருக்கேன்?"

"வந்தா மாடி ஏற மாட்டா, கீழறைதான் கேப்பா. பரிவாரத்தோட வர்றவ, ஊர் பூரா இடம் வேணும். நெல்லு மூட்டை கிடந்து கால் இடறினா?"

"என் தங்கச்சிக்கா? எல்லாத்தையும் குன்றுக்கு ஏத்து! கீழறை பூரா காலியாகணும்!"

ஏகப்பர் துள்ளி எழுந்தார். "மகாராஜா! இவர் அந்த வார்த்தையைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறார்!"

"எந்த வார்த்தை ஏகப்பரே?" என்றார் மந்திரி, பூனை மாதிரி.

"அதானய்யா, வெள்..." சட்டென்று மீசையைப் பிடித்துக்கொண்டார் ஏகப்பர்.

"ம், சொல்லும்" என்றார் ராஜா.

"வெள்... வெள்ளரிக்காய் மகாராஜா. மாசமா இருக்கிறவங்களுக்கு நல்லது."

தண்டோரா போட்டார்கள். விதைநெல் குன்றுமேல் மண்டபத்துக்கு ஏறியது. ஊரார் உப்புப் பானை, புளிப் பானைக்குத் துணியால் வாய் கட்டிப் பரணில் வைத்தார்கள். கட்டிலை உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். மாட்டைக் கட்டவிழ்த்து ஓட்டிக்கொண்டு, நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு குன்றுக்குப் போனார்கள். ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஒரே சிரிப்பு. ஏகப்பர் மட்டும், "என் வீட்டுக்கு எவளும் வர வேண்டாம்" என்று பட்டுப் பீதாம்பரத்தையெல்லாம் நிலவறையில் அடுக்கிப் பூட்டி, வீட்டிலேயே உட்கார்ந்தார். நல்லவேளை, அவர் சம்சாரம் பிள்ளைகளோடு முதலிலேயே கிளம்பிவிட்டாள்.

தங்கச்சி உச்சி வெயிலில் வந்தாள். வந்த வேகமென்ன, வரத்தென்ன! முன்வாசலில் நுழைந்து புழக்கடை வழியே போனாள். வீட்டுக்கு வீடு காலை நீட்டிப் படுத்தாள். காலி பண்ணின வீடுகளில் எடுத்துப்போக ஒரு துடைப்பம்கூடக் கிடைக்கவில்லை. குன்றுமேல் விதைநெல் ஒரு மணி நனையவில்லை.

அப்போது பெரிய செப்பு அண்டா ஒன்று சுற்றிச் சுற்றி மிதந்து வந்தது. உள்ளே ஏகப்பர், முட்டியைக் கட்டிக்கொண்டு!

"ஏகப்பரே, என் தங்கச்சிக்கு என்ன சீர் வைத்தீர்?" என்று கேட்டார் ராஜா.

"நான் எங்கே மகாராஜா வைத்தேன்? அவங்களே கதவை உடைச்சு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்க!"

குன்றே சிரித்தது. ராஜாவும் சிரித்தார், சிரித்து நிறுத்தி மந்திரியைப் பார்த்தார். "சங்கிலி, உண்மையைச் சொல்லும். வந்தது யார்?"

"சொன்னா மீசை போயிடும் மகாராஜா."

"பாயசத்தில் விழுந்த கோபத்தில் ஊரையே மூழ்கடிக்கப் பார்த்தேனே! சட்டம் போச்சு, மீசை உமக்கே. சொல்லுமய்யா!"

அத்தனை நாள் அடக்கி வைத்ததை மந்திரி நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துக் கத்தினார்: "வெள்ளம்!"

ஊரே கத்தியது, "வெள்ளம்!" எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர் ராஜாதான்.

முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். "கீழறையைக் காலி பண்ணச் சொன்னவளுக்குத்தான் இது" என்று மந்திரி அதை வடிவு கழுத்தில் போட்டார். அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. களஞ்சியத்துச் சேற்றை வாரிக் கழுவுகிற வேலை ஏகப்பருக்கு.

அதிலிருந்து வருஷா வருஷம் ஆடிக்கு முன்னே அல்லியூரில் பரண் சுத்தமாகிவிடும். ஏகப்பருக்கு மட்டும் பயம் போகவே இல்லை. ஒரு தடவை சித்திரை வெயிலிலேயே அண்டாவைப் பரணில் ஏற்றி, தானும் உள்ளே உட்கார்ந்துகொண்டாராம். அவர் சம்சாரம் கீழே நின்று, "ஏங்க, இறங்கி வாங்க, மழை இல்லை, அது நான் வாசல் தெளிக்கிற சத்தம்..." இதோ வந்துட்டேன் அத்தை! பிள்ளை முழிச்சிட்டானா? தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டுங்க, இந்த அரிசியை மட்டும் மேலே பரண்ல வச்சிட்டு வர்றேன்.