துடியன் எடுக்காத மூன்று அம்புகள்

யானைமடுவின் கரையில் ஒரு பெரிய மருத மரம் இருந்தது. அதன் நடுக்கிளையில் துடியன் என்ற குரங்கு வில்லும் கையுமாக உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கோடையில் காட்டிலிருந்த ஓடைகளும் சுனைகளும் வற்றிப்போயின. யானைமடுவில் மட்டும்தான் தண்ணீர். மான், முயல், முள்ளம்பன்றி, காட்டெருமை என்று எல்லாமே அங்கேதான் குடிக்க வந்தாக வேண்டும். அவற்றைப் பிடித்துத் தின்னச் செந்நாய்களும் வரும். அதனால் விலங்குகள் கூடிப் பேசி, குறி தப்பாமல் அம்பு விடும் துடியனைக் காவலுக்கு வைத்தன.

துடியன் முதுகில் அம்பறாத்தூணி தொங்கும். அம்பு தீராத கூடு என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். துடியனிடம் இருந்ததோ இருபதே இருபது மூங்கில் அம்புகள். அதனால் ஒவ்வொரு சண்டை முடிந்ததும் அது மரத்தைவிட்டு இறங்கி, விட்ட அம்புகளைத் தேடிப் பொறுக்கும். சேற்றில் குத்தியவை முழுசாகக் கிடைக்கும். பாறையில் பட்டவை முறிந்து கிடக்கும். முறிந்தவற்றுக்குப் பதிலாக மூங்கில் சீவிப் புதிதாகச் செய்துகொள்ளும்.

அந்த இருபதோடு சிவப்பு இறகு கட்டிய மூன்று அம்புகளும் இருந்தன. அவை உறக்க அம்புகள். மலையுச்சியில் படர்ந்த ஒரு கொடியின் பாலைத் துளித்துளியாக எட்டு நாள் சேர்த்து, வெயிலில் வற்றவைத்து, முனையில் பூசிச் செய்தவை. அந்தப் பூச்சு உடம்பில் இறங்கினால் யானையே ஆனாலும் ஒரு பகலும் ஓர் இரவும் அசையாமல் தூங்கும். அந்தக் கொடியும் கோடையில் கருகிவிட்டது. இனி நாலாவது அம்பு செய்ய வழியில்லை.

துடியன் அந்த அம்புகளை உயிராக வைத்திருந்தது. காலையில் எழுந்ததும் மூன்று இறகுகளையும் தடவிப் பார்க்கும். ஆனால் ஒரு நாளும் வில்லில் வைத்ததில்லை.

ஒரு நாள் செந்நாய்க் கூட்டம் வந்தது. துடியன் மூங்கில் அம்புகளாகவே விட்டுத் துரத்தியது. கூட்டத்தின் தலைவன் மட்டும் நகரவில்லை. இரண்டு அம்பு தைத்தும், பூம்புள்ளி என்ற பெண்மானின் காதைக் கடித்துக் கிழித்துவிட்டுத்தான் ஓடியது.

மரத்தடி வளையில் குடியிருந்த முள்ளம்பன்றி முள்ளழகிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன் தம்பி, அந்தச் சிவப்பு இறகை ஒன்று எடுத்து விட்டிருக்கக் கூடாதா? அவள் காது பிழைத்திருக்குமே!"

"செந்நாய்க்கெல்லாமா அக்கா அதை வீணாக்குவது? இதைவிடப் பெரிய ஆபத்து வரும். அன்றைக்கு எடுப்பேன்!"

"காது போனது அவளுக்குப் பெரிய ஆபத்துதான்!"

துடியன் மேலே ஏறிக்கொண்டது.

சித்திரை போய் வைகாசி பிறந்தது. ஒரு நண்பகலில், காய்ந்த ஓடைவழியாக ஒரு முதலை ஊர்ந்து வந்து யானைமடுவில் இறங்கியது. அன்றே ஒரு காட்டுப்பன்றியை இழுத்துக்கொண்டு போனது.

துடியன் பதறிப்போய் அம்பு விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று... பன்னிரண்டு அம்புகள்! முதலையின் முதுகு கருங்கல் மாதிரி இருந்தது. பட்ட அம்பெல்லாம் தெறித்துத் தண்ணீரில் விழுந்து மிதந்தது. மடுவுக்குள் போய் யார் பொறுக்குவது? காட்டு மூங்கிலும் வெயிலில் வெடித்துக் கிடந்ததால் புதிதாகச் சீவவும் வழியில்லை. எட்டு அம்புகள்தான் மிச்சம்.

அடுத்த இரண்டு நாட்கள் யாரும் தண்ணீருக்குப் போகவில்லை. முயல்குட்டிகள் ஈரமண்ணை நக்கின. காட்டெருமைகள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிழலில் நின்றன.

"இப்போதாவது எடு தம்பி!" என்றது முள்ளழகி.

துடியன் இறகுகளைத் தொட்டது. கையை இழுத்துக்கொண்டது.

"மூன்றுதானே அக்கா இருக்கிறது! முதலைக்கே தீர்த்துவிட்டால், நாளைக்குப் புலி வந்தால் என்ன செய்வேன்?"

"புலி வரும்போது காப்பாற்ற இங்கே யாராவது உயிரோடு இருக்க வேண்டாமா? நாங்கள் நாக்கு வறண்டு சாகிறோமே!"

துடியனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கை வரவில்லை. எட்டு நாள் வெயிலில் உட்கார்ந்து துளித்துளியாகச் சேர்த்தது நினைவுக்கு வந்தது. 'இன்னும் ஒரு நாள் பார்ப்போம். முதலை தானாகப் போய்விடும்' என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டது.

முதலை போகவில்லை.

மூன்றாம் நாள் காலை பூம்புள்ளியின் குட்டி தாகம் தாங்காமல் தாயின் பக்கத்திலிருந்து ஓடியது. "போகாதே! நில்!" என்று தாய் அலறியபடியே பின்னால் பாய்ந்தது. குட்டி மடுவில் வாய் வைத்ததுதான் தாமதம், தண்ணீர் கொந்தளித்தது. முதலை குட்டியின் பின்னங்காலைக் கவ்விக்கொண்டது!

பூம்புள்ளி குட்டியின் கழுத்தைப் பல்லால் பிடித்துக் கரைப்பக்கம் இழுத்தது. முதலை மடுப்பக்கம் இழுத்தது.

"துடியா! துடியா!" என்று காடே கத்தியது.

துடியன் பழக்கத்தில் மூங்கில் அம்பைத்தான் உருவியது. ஒன்று தெறித்தது. இன்னொன்றும் தெறித்தது. எட்டும் தீர்ந்தன! தூணிக்குள் விட்ட கையில் சிவப்பு இறகுதான் தட்டுப்பட்டது. இனி யோசிக்க நேரமில்லை. உருவி, முதலையின் தொண்டை மடிப்பில் மெத்தென்ற இடமாகப் பார்த்துக் குறி வைத்து விட்டது. அம்பு சரியாகத் தைத்தது.

முதலை தூங்கவில்லை! குட்டியை இன்னும் ஒரு முழம் உள்ளே இழுத்தது.

இரண்டாவதும் அதே இடத்தில் தைத்தது. முதலை கண்ணைக்கூட மூடவில்லை.

துடியன் மூன்றாவதை எடுத்து முனையைப் பார்த்தது. மூன்று மாதம் கிளைக்குக் கிளை தாவியதில் பூச்சு காய்ந்து, வெடித்து, பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. முனையில் ஒரு மிளகளவு மட்டும் கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா! காய்ந்து உதிர்ந்துவிட்டது! எல்லாம் என்னால்தான்!"

"அழ நேரமில்லை! மிச்சம் இருக்கிறதா?"

"கொஞ்சம் இருக்கிறது! கல்லாகக் கிடக்கிறது!"

"பால்தானே அது? நனை! இளகும்!"

சுற்றிலும் பார்த்தது துடியன். கிளையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நாக்கால் நனைக்கலாம் என்றால் தானே தூங்கி விழ வேண்டியதுதான். குட்டியின் கத்தல் மெலிந்துகொண்டே வந்தது.

துடியன் கீழே குதித்தது. வாழ்நாளில் முதல் தடவையாக, சண்டை முடியும் முன்பே கரைக்கு ஓடியது. முதலையின் முகத்துக்குப் பக்கவாட்டில் பத்தடி தள்ளி அம்பு முனையைத் தண்ணீரில் முக்கி, ஈர மணலில் ஒரு தேய்ப்புத் தேய்த்தது. கல்லாக இருந்தது பசையானது.

முதலை இன்னும் வசமாகக் கவ்வுவதற்காக வாயைக் கொஞ்சம் திறந்தது. அந்தச் சிவந்த வாய்க்குள் அங்கிருந்தே மூன்றாவது அம்பு பாய்ந்தது!

விலங்குகளெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தன. முதலை ஒருமுறை வாலை அடித்தது. பிறகு மெதுவாக அடித்தது. பிறகு அடிக்கவில்லை. கண் சொருகியது. தாடை தளர்ந்து தொங்கியது.

பூம்புள்ளி ஒரே இழுப்பில் குட்டியைக் கரைக்குக் கொண்டுவந்தது. காலில் காயம்தான்; எலும்பு முறியவில்லை. குட்டி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து தாயின் மடியை முட்டியது. துடியன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

துடியன் முதலையின் தாடையையும் காலையும் காட்டுக்கொடியால் கட்டியது. நான்கு காட்டெருமைகள் அதை இழுத்துக்கொண்டு போய், அரை நாள் தொலைவில் ஓடும் பெரிய ஆற்றில் கட்டவிழ்த்துவிட்டு வந்தன. அந்த ஆற்றில் மீன் ஏராளம். முதலை திரும்பி வரவேயில்லை.

அன்று எல்லா விலங்குகளும் வயிறு முட்டக் குடித்தன. துடியன் பூம்புள்ளியிடம் போய் நின்றது.

"உன் காதைக் காப்பாற்றியிருக்கலாம் அக்கா. உறக்க அம்பைக் கையில் வைத்துக்கொண்டே விடவில்லை. என்னை மன்னித்துவிடு."

பூம்புள்ளி கிழிந்த காதை ஆட்டியது. "குட்டி இருக்கிறதே, அது போதும். நீயும் வந்து குடி."

பத்து நாள் கழிந்தது. ஒரு மாலை, மலைப்பக்கமிருந்து காடே அதிரும்படி ஓர் உறுமல் கேட்டது. துடியனுக்கு வால்முனைவரை சிலிர்த்தது.

"வந்துவிட்டது அக்கா! அந்தப் பெரிய ஆபத்து! தூணியில் ஒரு சிவப்பு இறகுகூட இல்லையே!"

முள்ளழகி வளையிலிருந்து தலையை நீட்டியது. அதன் மூக்கின்மேல் பொட்டென்று ஒரு துளி விழுந்தது.

"அது இடி தம்பி! மேலே பார்! மழை!"

அடுத்த கணம் மருத மரம் சோவென்று நனைந்தது. துடியன் வாயைத் திறந்து மழையைக் குடித்தபடி கிளைமேல் குதித்துக் குதித்து ஆடியது.

நாளை வரப்போகும் பெரிய ஆபத்துக்கென்று மூடி வைப்பவன், இன்று கண்முன்னே தவிக்கும் உயிருக்கு உதவ முடியாமல் போவான். ஆகவே கையிலிருப்பதைத் தேவை வந்த அன்றே எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.