காற்றுக்கு ஓர் ஓட்டை

நெல்வயல் வரப்புக்குள் ஓர் எலிக்கூட்டம் குடியிருந்தது. வளைக்கு ஒரே வாசல். எல்லோரும் இரைதேடித் திரும்பியதும், காவல்காரி காத்தாயி வாய்வாயாக ஈரமண் சுமந்து அதை அடைப்பாள். குட்டிகள் தூங்கும் அறைக்கும் தனியாக ஒரு மண்ணடைப்பு உண்டு. அவளுடைய ஐந்து குட்டிகளும் அங்கேதான் இருந்தன.

எதிர் வரப்பு எலிகள் காற்று வர ஓட்டை போட்டிருப்பதாகச் செய்தி வந்தது. தலைவர் தொப்பையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“நம் கூடத்திலும் ஒன்று போடுவோம். இல்லாவிட்டால் நம் ஆட்கள் அங்கே குடிபோய்விடுவார்கள்.”

“பாம்பு வந்தால்?” என்றாள் காத்தாயி.

“கூடத்துக்குத்தானே வரும்? வாசல் மண்ணை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடிவிடலாம். குட்டிகளுக்குத்தான் அடைப்பு இருக்கிறதே.”

ஓட்டை போட்டார்கள். ஜில்லென்று காற்று வந்தது. தொப்பையனைப் புகழாத வாயில்லை.

பத்து நாளில் அடுத்த யோசனை பிறந்தது. கூடத்திலிருந்து குட்டிகள் அறைக்கு ஒரு சரிவான சுரங்கம். நெல்லை உருட்டிவிட்டால் பால்கொடுக்கும் தாய்மாரிடம் தானாகப் போய்ச் சேரும்.

“ஒரு நாள் பொறுங்கள், தலைவரே. ஓட்டையையும் சுரங்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்கணும்.” மண் சுமந்து அவளுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. பாம்பு வரும் என்று எத்தனை தடவைதான் சொல்வது?

“எதைச் செய்தாலும் உனக்குக் குறைதான்!”

அன்றே தோண்டிவிட்டார்கள்.

மறுநாள் உச்சிவெயிலில் ஒரு சாரைப்பாம்பு ஓட்டை வழியாகக் கூடத்தில் இறங்கியது. தலைவர் சொன்னபடியே எல்லோரும் வாசலை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பாம்பு அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குட்டிகளின் வாசனை சுரங்கம் வழியாக வந்துகொண்டிருந்தது; அதற்குள் தலையை நுழைத்தது.

காத்தாயி அடைப்பைப் பிய்த்துக்கொண்டு அறைக்குள் பாய்ந்தாள். தாய்மார் தங்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஓடினார்கள். அவள் வாய்க்கு இரண்டுதான் அகப்பட்டன. மற்ற மூன்றும் கத்துவதைக் கேட்டுக்கொண்டே ஓடினாள்.

பாம்பு போன பிறகு கூட்டம் கூடியது. சுரங்கத்தை மூட எல்லோரும் சம்மதித்தார்கள்.

“ஓட்டையை?” என்று கேட்டாள் காத்தாயி.

தொப்பையன் தலையைச் சொறிந்தார். “காற்றுக்குப் பழகிவிட்டோமே, தாயி. நீ இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்.”

அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. மிஞ்சிய இரண்டையும் கவ்விக்கொண்டு பக்கத்து வயலுக்குப் போனாள். ஒற்றை வாசலோடு ஒரு வளை தோண்டி, உள்ளிருந்து மண்ணால் அடைத்தாள். புழுக்கம் தாங்கவில்லை. குட்டிகள் தூங்கின.

வசதிக்காகத் திறக்கும் ஒவ்வொரு வழியும் பகைவனுக்கும் வழிதான். முழுதாகச் சோதித்துப் பார்க்கப் பொறுமையில்லாதவர்கள் அதைத் திறக்காமலிருப்பதே நல்லது.