யாரும் நடாத பச்சை ஆப்பிள்

சத்தியம்! கற்பூரத்தை அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இன்றைக்கே உதிரட்டும்.

கொடைக்கானல் மலையில் மந்திக்காடு என்று ஓர் ஊர். அங்கே குருந்தப்பனுக்கு முப்பத்தாறு வயதாகியும் பெண் அமையவில்லை. கடைசியில் பக்கத்து ஊர் ராக்கப்பன் மனமிரங்கி, "ஆடி முடியறதுக்குள்ள உன் வீட்டு முற்றத்துல பச்சை ஆப்பிள் கன்னு ஒண்ணு முளைக்கட்டும். என் மக செல்லக்கிளியைத் தர்றேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

குருந்தப்பன் பழப்பண்ணைக்காரரிடம் ஓடினான். அவர் ஒரு பழத்தை அவன் கையில் வைத்து, "இந்த ரகத்தை யாரும் நட்டு உண்டாக்கலப்பா. எவனோ தெரியாம எறிஞ்ச அழுகல் பழம், குப்பையில தானா முளைச்சுது. மரம் உசரமாப் போகாது, குடை மாதிரி படரும். சுத்திலும் இடம் விடு" என்றார்.

கூட்டாளிகள் ஒச்சப்பனும் சங்கிலியும் கூடி ஆலோசித்தார்கள்.

"தெரியாம எறியணும். சூட்சுமமே அதுதான்" என்றான் ஒச்சப்பன்.

"கண்ணை மூடிக்கிட்டு எறியட்டுமா?" என்றான் குருந்தப்பன்.

"கண்ணுக்குத்தானேடா தெரியாது? கைக்குத் தெரியுமே!"

சரி, கைக்கும் தெரியக்கூடாதென்று பழத்தைப் பிடித்தபடி பகலெல்லாம் தூங்கிப் பார்த்தான். பிடிதான் இறுகியது. பயத்தில் கைதவறட்டுமென்று சங்கிலி பின்னாலிருந்து "காட்டுமாடு!" என்று அலறினான். குருந்தப்பன் பாய்ந்து மரமேறிக்கொண்டான், பழத்தோடு.

ஒருநாள் முற்றத்துக் குப்பைமேட்டருகே பீடி பற்றவைக்கையில் பழம் நிஜமாகவே நழுவி விழுந்தது. "மாப்ள, பழம் விழுந்துருச்சு பாரு!" என்று ஒச்சப்பன் ஓடிவந்து, வேட்டியில் துடைத்துக் கொடுத்தான். ஏழு தடவை விழுந்தது. ஏழு தடவையும் எடுத்துக் கொடுத்தான். சிநேகிதன் என்றால் அப்படியல்லவா இருக்கவேண்டும்!

எட்டாவது தடவை பழம் அழுகி நாறியதால் ஒச்சப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிவிட்டான். ரெண்டு மழை பெய்தது. குப்பையில் கன்று முளைத்துவிட்டது.

மரம் படருமே! மூவரும் இடம் விட ஆரம்பித்தார்கள். முதலில் மாட்டுக்கொட்டகையை இடித்தார்கள், அப்புறம் அடுப்படியை, அப்புறம் வீட்டை. கெடு முடியும் நாளில் ராக்கப்பன் மகளோடு வந்தபோது வெட்டவெளியில் நாலு இலையோடு கன்று நின்றது. குருந்தப்பன் அதன் எதிரே குடையை விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தான். படர்வது எப்படியென்று அதற்குக் காட்டவேண்டாமா?

"யார் நட்டது?" என்றார் ராக்கப்பன்.

"சாமி சத்தியமா யாருமில்ல மாமா! நாங்க தெரிஞ்சு ஒண்ணுமே செய்யல!"

ராக்கப்பன் நெடுநேரம் தாடையைச் சொறிந்தார். "நீ செய்யலேன்னா கன்னு எப்படி உன்னுது? முளைக்க வச்சது குப்பைமேடு. வாக்குன்னா வாக்கு. பொண்ணு குப்பைமேட்டுக்குத்தான்."

செல்லக்கிளி குருந்தப்பனை ஒருதரம் பார்த்தாள், குப்பைமேட்டை ஒருதரம் பார்த்தாள். "சரிப்பா. இதாவது குடியிருக்கிற வீட்டை இடிக்காது."

குருந்தப்பன் தேம்பித் தேம்பி அழுதான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "மாமா, மாப்பிள்ளைத் தோழனாவாவது நான் நிக்கட்டுமா?" என்றான்.

"என்னைக் கேட்டா? மாப்பிள்ளையைக் கேளு."

மூவரும் குப்பைமேட்டின் முன்னால் கைகட்டி நின்று கேட்டார்கள். பதிலுக்கு இன்னமும் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யாரென்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் கோபக்காரர்கள்.