இரண்டாவது பாட்டில்

கல்லூரிக் கால்பந்து அணிக்குப் புதிதாக வந்த தலைமைப் பயிற்சியாளர் அமலி, ஆட்டம் தொடங்கிவிட்டால் வாயே திறப்பதில்லை. கோட்டுக்கு வெளியே ஸ்டீல் பாட்டிலும் கையுமாக நிற்பார். அவ்வப்போது ஒரு வாய் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். இந்த அம்மாவுக்கு ஏன் இத்தனை தாகம் என்று பையன்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

உப்பளத்து ஓரமாக இருந்த அந்தக் கல்லூரிக்கு இது புதுசு. முன்பிருந்த பயிற்சியாளர் செல்வின், பதினெட்டு வருஷம் கோட்டோரமாக ஓடி ஓடிக் கத்தியவர். யாருக்குக் கொடுப்பது, எப்போது அடிப்பது, எங்கே நிற்பது எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். பையன்கள் அவருக்கு வைத்த பெயர் ரேடியோ. அவர் ஓய்வு பெற்ற அன்று விம்மி விம்மி அழுததும் அதே பையன்கள்தான்.

உதவிப் பயிற்சியாளர் ஜெபமணிக்கு ஐம்பத்து மூன்று வயது. அமலிக்கு முப்பத்தைந்து. வயதில் சின்னவரிடம் பாடம் கேட்பதில் ஜெபமணிக்கு ஒரு கூச்சமும் இல்லை. பயம்தான் இருந்தது. அந்த சீசனில் முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. அடுத்த மூன்றில்தான் தோற்காமல் வந்திருந்தார்கள். கடைசி ஆட்டத்தில் டிராவாவது செய்யாவிட்டால் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் அணியையே கலைத்துவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆட்டத்தை நம்பி விடுதியில் தங்கிப் படிக்கும் பதினான்கு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஜெபமணிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சியில் கேட்டே விட்டார்.

“ஏன் மேடம் பேசவே மாட்டேங்கீங்க? நாம சொன்னா பயலுவ ஆடிருவானுவ.”

அமலி பையன்களை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டார். பந்து காலில் இருக்கும்போது எத்தனை தடவை கோட்டுப் பக்கம் தலையைத் திருப்புகிறார்கள் என்று எண்ணச் சொன்னார். ஜெபமணி அரை மணி நேரம் கண் கொட்டாமல் எண்ணினார்.

“பதினொண்ணு மேடம்.”

“நான் வந்த அன்னைக்கு எண்ணினேன். அறுபத்தி நாலு,” என்றார் அமலி. “அவன் திரும்பிப் பாக்கதுக்குள்ள பந்து போயிருது அண்ணாச்சி.”

ஜெபமணிக்குப் புரிந்தது. புரிந்ததால் பயம் குறைந்துவிடவில்லை.

“நாளைக்கு என்னால சும்மா நிக்க முடியாது மேடம். கண்டிப்பா கத்திருவேன்.”

மறுநாள் ஆட்டம் தொடங்கும் முன் அமலி தன் பையைத் திறந்தார். அதில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்றை எடுத்து ஜெபமணியிடம் நீட்டி, ஒரு வாய் தண்ணீரை விழுங்காமல் வைத்திருக்கச் சொன்னார்.

கன்னம் இரண்டும் உப்பி நின்ற ஜெபமணியைப் பார்த்து, வெளியே உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. இடைவேளைக்குப் பின் அணி ஒரு கோல் போட்டது. அப்போதும் சத்தமில்லாமல் கையை மட்டும் தட்டினார்.

ஆட்டம் முடியப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. இடது தடுப்பாட்டக்காரன் ரூஸ்வெல்ட்டின் காலுக்குப் பந்து வந்தது. பின்னாலிருந்து எதிரணியின் ஒன்பதாம் நம்பர் பாய்ந்து வருவதை ஜெபமணி பார்த்தார். தண்ணீர் எப்போது தொண்டைக்குள் போனதென்று அவருக்கே தெரியாது.

“ரூசு, வெளிய அடிலே!”

சுற்றி நின்ற கூட்டம் ஆரம்பத்திலிருந்து கத்திக்கொண்டுதான் இருந்தது. அது ரூஸ்வெல்ட்டின் காதில் ஏறவில்லை. இந்தக் குரல் ஏறியது. அவன் திரும்பிப் பார்த்தான். அதற்குள் பந்து காலில் இல்லை. நாலு எட்டில் ஒன்பதாம் நம்பர் அதை வலைக்குள் தள்ளிவிட்டான்.

ரூஸ்வெல்ட் கோட்டோரம் ஓடி வந்தான்.

“கூப்பிட்டீங்களா சார்?”

அவன் குறையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான். ஜெபமணிக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அமலியைத் திரும்பிப் பார்த்தார். அமலி மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபமணி அவசர அவசரமாகப் பாட்டிலைத் திறந்தார். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. மீதியை வாயில் வைத்துக்கொண்டார்.

இன்னும் ஒரு கோல் விழுந்தால் எல்லாம் முடிந்தது. கடிகாரத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் நின்றார்.

கடைசி நிமிடம். அதே இடத்தில், அதே ரூஸ்வெல்ட்டின் காலுக்குப் பந்து வந்தது. அதே ஒன்பதாம் நம்பர் பாய்ந்து வந்தான். ஜெபமணியின் கண்ணில் நீர் முட்டியது. வாயைத் திறக்கவில்லை.

ரூஸ்வெல்ட் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தை உள்ளங்காலால் அழுத்தி நிறுத்தினான். வந்த வேகத்தில் ஒன்பதாம் நம்பர் அவனைத் தாண்டி ஓடிவிட்டான். ரூஸ்வெல்ட் நிதானமாகப் பந்தைக் கோல்கீப்பரிடம் தட்டிவிட்டான். ஜெபமணி சொல்லியிருந்தால் வெளியே அடி என்றுதான் சொல்லியிருப்பார். இது அவருக்குத் தோன்றியே இருக்காது.

விசில் ஒலித்தது. டிரா. பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள்.

ஜெபமணி தண்ணீரைத் துப்பிவிட்டு அமலியிடம் போனார். முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

“நான் எல்லாத்தையும் கெடுத்திருப்பேன் மேடம். நீங்க மட்டும் எப்படி நின்னீங்க? உங்களுக்குப் பயமே வராதா?”

அமலி கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொன்னார். கொடிக்கம்புப் பக்கம் திரும்பி ஒரு வாய் தண்ணீரைத் துப்பினார். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு பாட்டில் வேணும் அண்ணாச்சி. இன்னைக்கு ஒண்ணை நீங்க வாங்கிக்கிட்டீங்க.”