மிதிக்க மறந்த பெடல்

கலாமணியின் பிரேக் பட்டறையில் நாச்சிமுத்துதான் சீடர். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர். லாரி ஓட்டி அலுத்துப்போய்த் தொழில் கற்க வந்தவர். சின்னவள்தானே என்று பார்க்காமல் வாய் நிறைய "மேஸ்திரி" என்றுதான் கூப்பிடுவார்.

போன வாரம் ஒரு காருக்குப் புது பிரேக் பேடு மாட்டினார். மாட்டியதும் பெடலைப் பலமுறை மிதித்து, பேடுகளைச் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கோடு சேர்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். பட்டறையில் கால் வைத்ததும் கற்றுக்கொடுக்கிற பாடம் அது. அதைத்தான் மறந்து தொலைத்தார். பெடல் தொபுக்கென்று உள்ளே போனது. வண்டி எதிரே இருந்த டீக்கடைப் பெஞ்சை நொறுக்கிவிட்டு நின்றது. அதில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் ராக்கியப்பன், பால் பொங்குகிறதென்று அப்போதுதான் எழுந்து போயிருந்தார்.

யாருக்கும் காயமில்லை. ஆனால் நாச்சிமுத்துவுக்கு மானமே போய்விட்டது. ராக்கியப்பன் டீ குடிக்கக் கூப்பிட்டால் காருக்கு அடியில் புகுந்துகொள்வார். பிரேக் வேலை வந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார்.

"நாளையிலிருந்து நான் வரலைங்க மேஸ்திரி," என்றார் இன்று காலையில்.

கலாமணி ஜாக்கியில் நின்ற காரைக் காட்டினாள்.

"ஏறி பிரேக்கை மிதிங்கண்ணா."

மிதித்தார். அவள் முன்சக்கரத்தைச் சுற்றப் பார்த்தாள். அசையவில்லை.

"விடுங்க."

விட்டார். சக்கரம் சுற்றியது. கூடவே மெல்லிதாக ஒரு உரசல் சத்தம்.

"பேடு படுதுங்களே. இன்னும் கொஞ்சம் தள்ளி வெச்சுரலாமா?" என்றார் நாச்சிமுத்து.

"தள்ளி வெச்சா அவசரத்துக்கு வந்து சேராதுங்க."

"அப்ப எந்நேரமும் உரசீட்டேதான் இருக்குமா?"

"பட்டும் படாம இருக்கோணும். வண்டியும் ஓடோணுமல்ல?"

நாச்சிமுத்து கண்ணாடி வழியே எதிர்ப்பக்கம் பார்த்தார். டீக்கடையில் புதுப் பெஞ்சு போட்டிருந்தார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வெக்கமா இருக்குதுங்க மேஸ்திரி. அந்தப் பெஞ்சைப் பார்த்தாலே நெஞ்சு கெடந்து அடிச்சுக்குது. இது என்னைய விட்டு எப்பத்தான் போகும்?"

கலாமணி மறுபடியும் சக்கரத்தில் கை வைத்துச் சுற்றினாள். அது அசையவில்லை. தன் கால் எப்போது பெடலுக்குப் போனதென்று அவருக்கே தெரியவில்லை.

"அது முழுசாப் போக வேண்டாங்கண்ணா," என்றாள். "காலை மட்டும் எடுங்க."